பாதியில் நின்ற பாடம்

வலது கை எப்படியோ நுழைந்துவிட்டது. இடது கைதான் மடங்க மறுத்தது. மகள் சட்டையின் தோள்பட்டையை இழுத்துப் பார்த்தாள், அப்பாவின் முழங்கையை அமுக்கிப் பார்த்தாள். ராத்திரி தூக்கத்திலேயே போனவர், இப்போது கட்டையாக விறைத்துக் கிடந்தார். உயிரோடு இருந்தபோதும் பிடிவாதத்துக்குக் குறைச்சல் இருந்ததில்லை.

கட்டிலின் மறுபக்கம், தினமும் அப்பாவிடம் வேதம் படிக்க வரும் பெயின்டர் முழங்காலில் நின்றார். காலையில் செய்தி கேட்டு ஓடிவந்ததிலிருந்து அப்படியேதான். "எழுந்திருங்கய்யா, ஆண்டவர் பேரால சொல்றேன், எழுந்திருங்க" என்று முணுமுணுத்து முணுமுணுத்துக் குரலே கம்மிப்போயிருந்தது.

சித்தப்பா கதவுக்குள் தலையை நீட்டினார். "வண்டி வந்து நிக்குது. போதகர் நேரா கல்லறைக்கே வந்துடறாராம். இந்தப் பைத்தியத்தைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளட்டுமா?"

"வேணாம் சித்தப்பா. கதவைச் சாத்திட்டுப் போங்க."

தள்ளச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை அப்பா ஒவ்வொருவராகச் சமையலறை மேஜையில் உட்காரவைத்து வளர்த்தார். வேலைக்குப் போகும் முன் வேதத்தில் ஒரு பகுதி வாசிக்க வேண்டும். வாசித்ததைப் பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும். மன்னிப்பைப் பற்றி வாசித்தால் யாரையாவது மன்னித்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். குடியை விட்டுவந்த பெயின்டர் அதைச் சிரமேற்கொண்டு செய்தார். பகையாளித் தம்பியிடம் சமாதானம் பேசப் போய் அறை வாங்கிக்கொண்டுகூட வந்தார். மகள் பரீட்சைக்குப் படித்தது, காய்ச்சலில் கிடந்தது எல்லாம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம்தான். வந்தவன் போனவனுக்கெல்லாம் பிறகுதான் அவள். அந்த ஆத்திரம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

"நேத்து காலைல என்ன வாசிச்சீங்க?"

பெயின்டர் நிமிர்ந்தார். "சீடர்களை ஊழியத்துக்கு அனுப்பற பகுதி, தங்கச்சி. நோயாளிகளைக் குணமாக்கச் சொல்றாரு. செத்தவங்களை எழுப்பச் சொல்றாரு. இதை எப்படிய்யா செய்யறதுன்னு கேட்டேன். ஐயாவுக்கு மூச்சு வாங்குச்சு. நாளைக்கு விளக்கறேன்னாரு."

மனுஷன் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இவர் எழுந்திருக்கலைன்னா என் விசுவாசம் பொய்தானே?" என்றார் பெயின்டர். "சாயங்காலம் எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியும். பழைய கடைலதான்."

போதகராக இருந்தால் பக்குவமாக ஏதாவது சொல்லியிருப்பார். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, எங்கம்மா செத்தப்ப அப்பாவும் கூப்பிட்டாரு."

பெயின்டர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இதே ரூம்லதான். கதவைச் சாத்திக்கிட்டு, பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாரு, தொண்டை கட்டற வரைக்கும். நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அம்மா எழுந்திருக்கல."

"ஐயாவா? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"யார்கிட்டயும் சொன்னதில்ல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலைல வழக்கம்போல மேஜைல போய் உட்கார்ந்தாரு. யாரோ ஒரு புது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தாரு. கல்நெஞ்சுக்காரர்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா போய் உட்கார்ந்தாரு அண்ணே."

வெளியே யாரோ வண்டிக் கதவை அறைந்து சாத்தினார்கள். பெயின்டருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவளுக்கும் அழ வேண்டும்போல்தான் இருந்தது, வரவில்லை.

நுழைந்திருந்த கையையும் சட்டையிலிருந்து உருவினாள். அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"முதுகுப் பக்கம் நெடுக வெட்டினாத்தான் போட முடியும்."

"வேணாம் தங்கச்சி. இருக்கறதுல நல்ல சட்டை. எழுந்தா எதைப் போட்டுக்குவாரு?"

அவள் சட்டையைக் கட்டில் விளிம்பில் விரித்துக் காலரில் கத்தரியை வைத்தாள். துணி சுருண்டு கத்தரிக்குள் சிக்கிக்கொண்டது. விடுவித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிக்கியது.

பெயின்டர் கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்தார். முழங்கால் மரத்துப்போய்த் தள்ளாடினார். சுற்றிவந்து, சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு கைகளாலும் பற்றி, அவள் வெட்ட வாகாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.