இடது காதுக்குக் கீழே

பீஜி வாணலியில் முதல் கை மிளகாய் வற்றலைப் போட்டதும் ஜன்னல்களையெல்லாம் நான்தான் சாத்தினேன். கூடத்தில் என் கணவர் தேஜ்வந்த், புகைப்படத்துக்கு உட்கார்ந்தவரைப்போல இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, விஷவாயு முகமூடிக்குள் இருந்தார். பழைய ராணுவச் சாமான் கடையில் வாங்கியது. திங்கட்கிழமை முகாமில் அதுபோன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணீர்ப்புகை அறைக்குள் நிற்க வேண்டும்; அதற்குத்தான் இந்த மிளகாய்ப்புகை ஒத்திகை. அமெரிக்க ராணுவத்தில் சீக்கியரான அவருக்குத் தாடியும் தலைப்பாகையும் வைத்துக்கொள்ளக் கிடைத்த அனுமதி அதோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முகமூடி கசிந்தால் மழிக்க வேண்டும். மறுத்தால் ராணுவத்தை விட்டு வர வேண்டும். அவர் மழிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருடைய அம்மாவான பீஜிக்கும் தெரியும்.

நடுவராக வில்லிஸ் வந்திருந்தான். அவருடைய படைப்பிரிவுக்காரன்.

“அம்மா, இது சமையலா சண்டையா?” என்று இருமினான்.

“இதுக்கே இந்த இருமலா? இவனை நம்பியாடா நீ போறே?” என்று பீஜி மகனைக் கேட்டார்.

முகமூடிக்குள் ஒரு தும்மல். கழற்றினார். இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

“காதுக்குக் கீழ புகை உள்ள போகுது, ருபி.”

“பேசாம யூபா சிட்டிக்கு, நம்ம தோட்டத்துக்கே வந்துடுடா. பீச் மரத்துக்கு உன் தாடியால ஒரு தொந்தரவும் இல்ல.”

“ஒரு கண்ணுதானேம்மா அழுதுச்சு. இன்னொண்ணு சும்மாதானே இருக்கு.”

முகமூடி இடைவெளியில்லாமல் ஒட்ட, தாடியில் வாஸ்லைன் பூசிப் படியவைப்பது என் வேலை. இடது காதுக்குக் கீழே ஒரு சுழி உண்டு. அங்கே மயிர் எதிர்ப்பக்கமாக வளரும், எவ்வளவு அழுத்தினாலும் எழுந்து நிற்கும். அன்று என் கட்டைவிரல் அதன்மேல் நின்றது. இதை இப்படியே விட்டால் போதும். ஒரு அரிசி அகல இடைவெளி. அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

“முடிஞ்சுதா?”

“இருங்க.”

இன்னும் கொஞ்சம் எடுத்துச் சுழியின்மேல் அழுத்திப் பூசினேன்.

இரண்டாவது கை மிளகாய்க்கு பீஜியும் வில்லிஸும் கொல்லைக்கு ஓடினார்கள். நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, “மத்தியானத்துக்கு என்ன?” என்றார்.

திங்கட்கிழமை காலையும் நான்தான் பூசிவிட்டேன். மதியம் தொலைபேசியில், “ரெண்டு கண்ணும் காஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

பதினான்கு மாதம் கழித்துப் பயிற்சியின்போது அவர் ஓட்டிய வண்டி கவிழ்ந்தது.

யூபா சிட்டியில் அவர் உடலைத் தயிரும் தண்ணீருமாகக் குளிப்பாட்டிச் சீருடை போட்டுவிட்ட பிறகு, தலைப்பாகைத் துணியை மடிக்க மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பீஜி துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வில்லிஸ் வந்து வாங்கிக்கொண்டான்.

“எவ்வளவு இழுக்கணும்னு எனக்குத் தெரியும், ருபி. பயிற்சிக்கு வெளிய போனா காலைல நான்தான் இவனுக்குப் பிடிப்பேன்.”

துணியை மடிக்கும் முன் தாடியைச் சீவினேன். ஒரு மயிர்கூடக் குறையவில்லை. இடது காதுக்குக் கீழே அந்தச் சுழி எழுந்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்ததும் எழுந்தது. திரும்பவும் அழுத்தினேன். எதிர்ச்சுவரோரம் வில்லிஸ் துணியின் முனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான். என் பக்கத்து முனை தரையில் கிடந்தது.