இடதுகைக் கோடாரி

கல்முனைக் கடற்கரையில் கிணறு தோண்டியவர்கள் துருப்பிடித்த தகரப் பெட்டியொன்றை எடுத்தார்கள், பிள்ளைகளே. சுனாமியன்று காலை, எங்கள் ஊர் றபீக்காவோடு கோபித்து, கொழும்புக்குப் போகிறேன் என்று தச்சு ஆயுதப் பெட்டியோடு வீட்டிலிருந்து இறங்கியவர் அவள் புருஷன், தச்சர் மீராமுகைதீன். அங்கே வேறொருத்தியோடு இருக்கிறார் என்று இருபது வருடமாக ஊர் கதைத்தது. அவளும் நம்பியிருந்தாள்.

பெட்டியில் கிடந்த ஆயுதங்களை றபீக்காவின் முன்னால் வைத்து, தச்சர் தங்கத்துரை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இது மரம் செதுக்கிற வாச்சி. இது சீவுளி அலகு. எல்லாத் தச்சன்ட மேசையிலயும் கிடக்கிற சாமான்தான், தங்கச்சி."

கைக்கோடாரியைத் திருப்பியவர் நிறுத்தினார்.

"ஒருபக்கம்தான் தீட்டியிருக்கு, அதுவும் வழக்கமாத் தீட்டாத மற்றப் பக்கம். இடதுகைக்காரன்ட."

"இஞ்ச இடதுகைத் தச்சர் அவர் மட்டும்தானே," என்றாள் றபீக்கா. "அப்ப அவர் பஸ் ஏறவே இல்ல."

புருஷன் இறந்து மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இத்தா இருக்கவேண்டும். மவுலவியிடம் கேட்டுவந்த மகள் ஹப்ஸா, "அந்த நாள் எப்பவோ கழிஞ்சிட்டாம், உம்மா," என்றாள்.

"கழிஞ்சிருக்கும் மகள். அந்த நாளெல்லாம் நான் அவரை ஏசிக்கொண்டெல்லோ இருந்தன்."

றபீக்கா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடல் பக்கம், பெட்டி எடுத்த இடத்திலிருந்து, மரம் செதுக்கும் சத்தம் கேட்டது. அவளோடு இருந்த நாங்கள் யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.