கடைசி பெஞ்சுக்குப் போக ஒரு பேன்

சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி. இருந்தவர்கள்: ஜன்னலோர முக்காலியில் மகள், வயது எட்டு, மடியில் வெள்ளைத் துண்டு. பின்னால் நாற்காலியில் என் மனைவி, கையில் பேன் சீப்பு. கட்டிலில் கால் நீட்டியபடி என் அக்கா, அதாவது மகளின் அத்தை. மேசையில் பேனாவும் தாளுமாக நான்.

வகுப்பு ஆசிரியை குறிப்பு அனுப்பியிருந்தார். பிள்ளைகளின் தலையைப் பார்த்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேன் இருக்கும் பிள்ளைக்கு, சுத்தமாகும்வரை கடைசி பெஞ்சு.

தலையை நான்காக வகிர்ந்து கிளிப் போட்டோம்.

"முன் இடது?"

"ஒண்ணுமில்ல."

"பின் வலது?"

"ஈர் கூட இல்லங்க."

"நம்ம பரம்பரைக்கே பேன் கிடையாதுடா தம்பி. அதையும் எழுதிக்க" என்றார் அக்கா.

மகளின் முகம் தொங்கிப்போனது. "நல்லா பாரும்மா. ஒண்ணாவது இருக்கும்."

"அடியே, இல்லைன்னு சொன்னா யாராவது அழுவாங்களா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய சிநேகிதி, வாய் ஓயாததால் கிலுகிலுப்பை என்று பெயர் வாங்கியவள், நான்கு நாளாகக் கடைசி பெஞ்சில் தனியாக இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் விடியற்கால வேலை. தலை பார்க்க நேரமில்லை.

"அவ இப்ப பேசவே மாட்டேங்கிறாப்பா. எனக்கும் பேன் இருக்குன்னு எழுதிக் குடுங்க. நானும் அங்க போயிடுறேன்."

"இல்லாததை எப்படிம்மா எழுதுறது?"

"அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்க, நானே சீவி விடுறேன்" என்றாள் மனைவி.

சொல்வது சுலபம். 'உங்கள் மகளுக்குப் பேன்' என்று ஒரு தாய்க்கு எப்படி எழுதுவது? முதல் தாள் புகார் மாதிரி இருந்தது. இரண்டாவது, இரக்கப்பட்டு எழுதியது மாதிரி. இரண்டையும் கசக்கிப் போட்டேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியின் காம்பால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, முக்காலிக்கு வாங்க."

"எனக்கெதுக்குடி?"

"சோதனைன்னா எல்லாருக்கும்தான்."

முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முதல் இழுப்பிலேயே துண்டில் ஒன்று விழுந்து, அவசரமே இல்லாமல் நடக்கத் தொடங்கியது.

"இருக்கு! நம்ம வீட்லயும் இருக்கு!" மகள் துள்ளிக் குதித்தாள்.

"பரம்பரையிலயே கிடையாதுன்னீங்களே அண்ணி?"

"பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவகிட்டேர்ந்து ஏறியிருக்கும். தம்பி, என் பேரை மட்டும் எழுதிடாதடா!"

மூன்றாவது தாள் தடையில்லாமல் ஓடியது. 'அன்புள்ள அம்மா, எங்கள் வீட்டிலும் பேன் வந்திருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு மறுபடியும் எல்லோர் தலையையும் சீவப் போகிறோம். உங்கள் மகளையும் அனுப்பினால், வேலையோடு வேலையாக அவளுக்கும் பார்த்துவிடலாம். தலைகள் சுத்தமானதும் ஆசிரியைக்கு நம் மகள்கள் இருவரும் ஒன்றாகவே கடிதம் கொண்டு போகட்டும்.' யார் தலையில் என்று எழுதவில்லை. அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"தள்ளி நின்னு படி அக்கா, என் தலைக்கு வந்துடப்போகுது."

"வரட்டும். அப்பத்தான் உனக்குத் தெரியும்."

உறையின் ஓரத்தை நக்கி ஒட்டியது மகள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடிதத்தைக் கொடுத்துவர அவளோடு கிளம்பியது அக்கா.