ரத்தம் நிறுத்தும் மாத்திரை

நாத்தனாரைப் பற்றி அவளிடம் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். கேட்டவருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்பது வேறு விஷயம்.

அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, காலர், கைமடிப்பு, பொத்தான், பக்கத் தையல் என்று கண்ணாலேயே தடவுவாள். எங்காவது தையல் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டிவிட்டு அடுத்ததை இழுப்பாள். மணிக்கு எண்பது சட்டை. பதினோரு வருஷமாக இதே வேலை. பஸ்ஸில் எதிரே நிற்கிறவனின் பாக்கெட் கோணலாக இருந்தால்கூட, அவன் இறங்குகிற வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்த்தாள். அவர்கள்மேல் எதையும் ஒட்ட முடியாது என்பதால் வாயால் சொல்லிவிடுவாள்.

அவள் புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவன். ஒல்லி. அதிர்ந்து பேசத் தெரியாது. பிறவியிலேயே ஹீமோஃபிலியா. நமக்கெல்லாம் வெட்டுப்பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடும், அவனுக்கு நிற்காது. உறையவைக்கும் சரக்கு அவன் ரத்தத்தில் இல்லை. அந்தச் சரக்கைத்தான் ஃபேக்டர் என்ற ஊசி மருந்தாக ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருந்தார்கள். முட்டி வீங்கினால், கணுக்கால் கனத்தால், உடனே அதை நரம்பில் ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது அவள்தான். ஆஸ்பத்திரியில் ஹீமோஃபிலியாக்காரர்களுக்கென்று தனி வார்டு உண்டு. அங்கே இருந்த நர்ஸிடம் ஆறு சனிக்கிழமை போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். கையைக் கழுவுவாள். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சில்லென்று இருப்பது போகிற வரை காத்திருப்பாள். தண்ணி மருந்தைப் பொடிமேல் இறக்கி, பாட்டிலைக் குலுக்காமல், மேசைமேல் வட்டமாக மெல்லச் சுழற்றுவாள். நுரை வரக் கூடாது. ஊசியை அவசரப்படாமல் ஏற்றிவிட்டு, தேதி, நேரம், பாட்டில் நம்பர், எதற்காகப் போட்டது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. சொல்லத்தான் யாருக்குத் துணிச்சல்?

நாத்தனார் அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷம் வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிட்டாள். பல்லுக்கு அவள் செய்த தொண்டு அவ்வளவுதான். ஆனால் பேச்சைக் கேட்டால் வைத்தியம் முழுவதும் அவள் கைப்பைக்குள் அடக்கம். எனவே செக்கர் அவளுக்குப் 'பல் டாக்டரம்மா' என்று பேர் வைத்திருந்தாள். முகத்துக்கு நேரே "அண்ணி". முதுகுக்குப் பின்னால் பல் டாக்டரம்மா. சில நாள் முகத்துக்கு நேரேயும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், தம்பிக்குக் கை வீங்கியிருக்கிறது என்று ஓடி வந்த அண்ணி, உதவுவதாக நினைத்து ஃபேக்டர் பாட்டிலை எடுத்து இருமல் மருந்து மாதிரி கடகடவென்று குலுக்கிவிட்டாள். பாட்டில் முழுக்க நுரை. செக்கர் அதைப் பிடுங்கினாள், வைதாள், அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதை நடித்துக் காட்டினாள். அண்ணி மூச்சுவாங்க ஓடி வருவது, கண்ணை உருட்டுவது, குலுக்குவது, வளையல் சத்தம் உள்பட. அண்ணி அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் நடிப்பு நிற்காது. அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், அசடு.

போன வருஷம் அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். எடுக்குமுன் ஃபேக்டர் ஏற்றினார்கள். அப்புறம் ஏழு நாளைக்கு, உறைந்த ரத்தம் கரையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பல் எடுத்த குழியிலிருந்து சொட்டு ரத்தம் வரவில்லை. அண்ணிக்கு அன்றிலிருந்து அது சாமி மாத்திரை. மிச்சமிருந்த பத்தைத் தன் கைப்பையில் சீப்புக்கும் ஹேர்பின்னுக்கும் நடுவே பத்திரப்படுத்திக்கொண்டாள். "ரத்தம் நிக்கிற மாத்திரை. எப்ப வேணாலும் உதவும்" என்றாள். செக்கருக்குப் புதுச் சரக்கு கிடைத்தது. கம்பெனியில் ஒருத்திக்கு விரலில் ஊசி குத்தினால், "இருங்க, எங்க பல் டாக்டரம்மாவோட கைப்பையை வரச்சொல்றேன்" என்பாள்.

அந்த மாத்திரையை எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்று நர்ஸ் கொடுத்த தாளில் இருந்தது. சிறுநீரில் ரத்தம் வந்தால் தொடக் கூடாது என்பது மூன்றாவது வரி. செக்கர் அதைப் படித்தாள், மடித்தாள், நோட்டுக்குள் வைத்தாள். அண்ணிக்குச் சொல்லவில்லை. எருமைக்கு எதற்குப் பஞ்சாங்கம் என்று அவளே கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். புருஷனுக்கும் சொல்லவில்லை. "எனக்கு நீ இருக்கியே" என்று அவன் ஒரு தடவை சொன்னதை, அவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவனுக்குச் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனது. வலி இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். முந்தாநாள் கடையில் லென்ஸ் தேய்க்கிற மிஷினை ஒற்றை ஆளாக மேசை மாற்றி வைத்தது நினைவுக்கு வந்தது. முன்பு ஒருமுறை கேஸ் சிலிண்டரைத் தூக்கித் தோள் வீங்கியபோது, அவள் ஒரு மாசம் அவனைப் 'பயில்வான்' என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் குழந்தைகூட அப்படித்தான் கூப்பிட்டது.

"உள்ளேயே குடித்தனம் போயிட்டீங்களா? எனக்கு பஸ் போயிடும்" என்று கதவைத் தட்டினாள் செக்கர்.

"வர்றேன்" என்றான் அவன். தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். சட்டையில் நூல் பிசிறினால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு அந்த முகம் கண்ணில் படவில்லை.

கடையிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா சாப்பிட உட்கார்ந்தவள், தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவன் எதிரில் ஒரு தடவைகூட "அய்யோ" சொல்லவில்லை. "ரத்தம்தானே? நிறுத்திடலாம்டா. நீ பயப்படாதே" என்று தோளைத் தடவினாள். கைப்பையைத் திறந்தாள். சீப்பை ஒதுக்கினாள். இரண்டு மாத்திரை உடனே, அப்புறம் காலை, மதியம், ராத்திரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிறுநீர் தெளிந்துவிட்டது. அக்காவும் தம்பியும் போனில் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். மருந்து கேட்டது என்று நினைத்தார்கள். பாவம், உள்ளே நடந்ததே வேறு. உறைந்த ரத்தம் மாத்திரையால் கரையாமல், கிட்னியிலிருந்து இறங்கும் இடது பக்கக் குழாயில் கட்டியாக அடைத்துக்கொண்டதால், அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராமல் போயிருந்தது. தெளிவாகப் போனது வலது பக்கத்துச் சிறுநீர் மட்டும்.

புதன்கிழமை அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் தரையில் சுருண்டு கிடந்தான். பக்கத்து வாளியில் வாந்தி. இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் வேர்வை.

"எங்க இடிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க. பயில்வான் வேலை ஏதாவது பார்த்தீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா என்று புரியவில்லை. தசைக்குள் ரத்தம் கசிகிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். ஃபேக்டர் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். மருந்தைக் கலக்குமுன் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது பழக்கம், செய்தாள். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிறுநீர் எப்படிப் போகுது?" என்றாள்.

"நர்ஸ் கேக்குறாங்க. ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

அவன் தரையைப் பார்த்தான். அந்த நேரத்துக்குத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். கையில் மாத்திரை அட்டை. பத்தில் ஒன்பது குழி காலி.

"வலிக்குதாடா? இன்னும் ஒண்ணு இருக்கு, போட்டுக்கோ" என்றாள்.

செக்கருக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கியது. குறை கண்டுபிடிக்கிறவளாயிற்றே. நடந்ததைப் போனில் சொன்னாள். "மாத்திரையை நிறுத்துங்க. உடனே கிளம்பி வாங்க. டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்குங்க" என்றாள் நர்ஸ். டாக்ஸியில் போகிற வழியெல்லாம் செக்கரின் வாய் ஓயவில்லை. டோக்கன் கூப்பிட்டவளெல்லாம் டாக்டரா என்றாள். கைப்பையா மருந்துக் கடையா என்றாள். அறிவு என்பதைக் கடவுள் விநியோகம் செய்த அன்றைக்கு அண்ணிக்கு டோக்கன் கிடைக்கவில்லையா என்றாள். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அண்ணி இந்தத் தடவை கூடச் சிரிக்கவில்லை. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னி வீங்கியிருந்தது. ஃபேக்டர் ஏற்றி, உள்ளே மெல்லிய குழாய் வைத்து அடைப்பை விலக்கினார்கள். கிட்னி எவ்வளவு தேறும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் செக்கர், மறுபக்கம் அண்ணி.

"மாத்திரை கொடுத்தது யாரு?"

"நான்தான்மா" என்று அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி நர்ஸ் கிழிக்கப்போகிறாள், பார்க்கக் கண் கோடி வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

நர்ஸ் கிழிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பினாள். "ரத்தத்தை முதல்ல எப்போ பார்த்தீங்க?"

"திங்கக்கிழமை காலையில."

"அப்போ உங்க மனைவி எங்க இருந்தாங்க?"

"கதவுக்கு வெளியில."

"ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "மிஷின் தூக்கினேன். சொன்னா சிரிப்பா."

நர்ஸ் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். "தூக்கினதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது" என்றாள். "இந்த ரத்தம் காரணமே இல்லாமகூட வரும். வந்தா நிறையத் தண்ணி குடிச்சிட்டு, படுத்துக்கிட்டு, எங்களுக்கு ஒரு போன் பண்ணணும். இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. உங்க வீட்டுல இருக்கிற தாள்லயே எழுதியிருக்கே." அண்ணியைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

செக்கருக்குக் காது சூடேறியது.

"அவ வேலைக்குப் போறவ" என்றாள் அண்ணி. "நேரம் இருந்திருக்காதும்மா. நான்தான் கேட்டிருக்கணும்."

நடித்துக் காட்டியதற்கும், பேர் வைத்ததற்கும், டாக்ஸியில் சொன்ன அத்தனைக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம் அவள். சொன்னால் செக்கர் பிழைத்திருப்பாள்; பதிலுக்குப் பத்து இருந்தது அவளிடம். இதற்குப் பதில் இல்லை. பெரிய கெட்டிக்காரி. நுரை வராமல் மருந்தைச் சுழற்றத் தெரியும், பாட்டில் நம்பரை ஒரு எண் பிசகாமல் எழுதத் தெரியும். அதே வீட்டில் ஒருத்தன் ரத்தம் போவதை அவளிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் ஒளித்து வைத்திருக்கிறான்.

"இனிமே இப்படி ஏதாவது ஆனா, முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். களைப்பில் அதற்கும் தெம்பில்லை. "அக்காகிட்டதான்" என்றான்.

"அப்போ அவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். நான் ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்தத் தாளை இவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க" என்று செக்கரிடம் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அண்ணி நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "மெதுவா சொல்லும்மா. எனக்கு ஒரே தடவையில ஏறாது."

செக்கர் தாளைப் பிரித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பல்லுல வந்தா போடலாம். ஒண்ணுக்குல வந்தா போடக் கூடாது. ரெண்டும் அவன் ரத்தம்தானே? அதுக்கென்ன ரெண்டு நியாயம்?"

ஆஹா, என்ன கேள்வி! கம்பெனியில் ஒரு வாரத்துக்கு ஓடும். பதில் செக்கரின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதைச் சொன்னால் வார்டே சிரிக்கும்.

கட்டிலில் அவன் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை. அவள் சிரிக்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.