சங்கிலியம்மாளின் முந்நூறு முட்டைகள்

தேவாரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கிற நாற்பது வீட்டுக் குடியிருப்புக்கு மின்கம்பம் வந்ததே இல்லை. சோலார், காற்றாடி, இரண்டும் கைவிட்டால் டீசல் ஜெனரேட்டர். மூன்றையும் கட்டி மேய்ப்பவள் ஜோதிலட்சுமி. சண்டைக்கார மாப்பிள்ளைகள் மூன்று பேரை ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சிரிக்க வைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு.

அந்த ஆடியில் நாலு நாளாக மேகம் கலையவில்லை. ஆடிக்காற்றும் அதிசயமாகப் படுத்துவிட்டது. ஓடையில் வெள்ளம், டீசல் கொண்டுவரும் ஜீப்புக்கு வழியில்லை. சங்கிலியம்மாள் மணிக்கொரு தரம் வானத்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டியில் முந்நூறு நாட்டுக்கோழி முட்டைகள் பதினெட்டாம் நாளில் இருந்தன. இன்னும் மூன்று நாள் சூடு நிலைத்தால் குஞ்சு, குறைந்தால் கூமுட்டை. புருஷன் போன பிறகு அவள் சொந்தமாகத் தொடங்கிய முதல் தொழில் அது.

காலை பத்து மணிக்கு ஜோதி வந்தாள்.

"அத்தே, பேட்டரி இருபத்தெட்டு சதவீதத்துல நிக்குது. இருபதுக்கு வந்தா எல்லாம் தானா அணைஞ்சுரும். மேகந்தான் காரணம்னு நெனச்சேன். ஆனா எங்கனயோ ஒழுகுது."

வீடு வீடாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஜோதி சொன்னால் பாதி அரைத்த சட்னியையும் அப்படியே மிக்சியில் விட்டுவிடுகிற ஊர் அது. பெட்டி மட்டும் ஓடியது. ஜோதி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பெட்டிக்குப் போக, இன்னும் ஐநூறு வாட்டை யாரோ தின்னுக்கிட்டு இருக்காக."

சங்கிலியம்மாளுக்குப் பகீரென்றது. முட்டை நல்லபடியாகப் பொரியட்டும் என்று காளியம்மனுக்கு இருபத்தோரு நாள் அணையாவிளக்கு நேர்ந்திருந்தாள். எண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துவிடுமே என்று பெரிய ஃபோகஸ் லைட்டே போட்டாள். கோயிலின் சின்னப் பேனல் அதைத் தாங்கவில்லை. எலெக்ட்ரீசியன் வேல்பாண்டியிடம் சொல்லி மெயின் லைனிலிருந்தே வயர் இழுத்தாள். மற்ற வீடுகளுக்கு இருப்பதுபோல் அளவு மீறினால் கரண்டை நிறுத்தும் கருவியும் அதற்கு வைக்கவில்லை. சாமிக்குப் போய் அளவு வைப்பார்களா? முட்டைக்காக ஏற்றிய விளக்கு முட்டையையே கொல்லப் பார்த்தது.

"நாந்தான் ஆத்தா, கோயில் வெளக்குக்கு வயர் இழுத்தேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோதி ஏசவில்லை. கோயிலுக்குப் போனாள், செருப்பைக் கழற்றினாள், கும்பிட்டாள், வயரைப் பிடுங்கினாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தாள்.

"நேத்திக்கடன் கெடல அத்தே. வெளக்குதான் மாறியிருக்கு."

இருபத்தோராம் நாள் மத்தியானம் பெட்டி முழுக்கக் கீச்சுச் சத்தம். முதல் இரண்டு குஞ்சுகளை முந்தானையில் பொதிந்துகொண்டு சங்கிலியம்மாள் ஜோதி வீட்டுக்கு ஓடினாள். ஜோதி மீட்டர் அறைக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் ஒச்சாண்டி வேர்த்து விறுவிறுத்து அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, மிக்சி என்னாச்சு?"

"மேகம் மூடுன அன்னைக்கே எங்க வீட்டு லைனைக் கழட்டிட்டா சித்தி. ஒங்க முட்டைக்குக் கொறஞ்சுரக் கூடாதாம். ஒரு வாரமா ஃபேனும் கெடையாது, லைட்டும் கெடையாது. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற."

இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனை பெரிய லைட்டைப் போட்டோமே என்று சங்கிலியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. குஞ்சுகளை ஒச்சாண்டி மடியில் விட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மி முன்னால் உட்கார்ந்தாள்.

"தள்ளுப்பா, நான் அரைக்கிறேன்."