கிட்டாருக்கு இரண்டு ஞானத்தகப்பன்கள்

என்னை வேலையை விட்டு எடுக்கப்போவதாகச் சொன்னபோது எங்கள் குழுவின் பாடகியும் முதலாளியுமான நெமேசியா அக்கா குடல் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். குடிப்பதை நிறுத்தவில்லை.

"உன் கிட்டார் பாடுதா, இல்ல ஈ மொய்க்குதான்னே தெரியலடா எலியாசார். செவ்வாய்க்கிழமை போஸ்டர் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா உன் பேர் இருக்கிற இடத்துல கீபோர்டுக்காரன் பேர் வந்துடும்."

பெரு நாட்டு மலையூரான எங்கள் உவான்காயோவில் ஒரு இசைக்குழு என்றால் அதன் போஸ்டர்தான். கறுப்புத் தாளில் கண்ணைக் குத்தும் நிறங்களில் எழுத்துகள் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அதில் இரண்டாவது வரி நான். என் மனைவி சந்தையில் பழச்சாறு விற்கிறாள். எதிர்ச் சுவரில் என் பெயர் இருக்கும். பெருமைப்பட்டுக்கொள்ள நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அக்கா சொன்னதும் பொய்யில்லை. தந்தியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தத் துண்டுகள் இரண்டும், அதாவது பிக்கப்கள், கிழடாகிவிட்டன. கல்யாணப் பந்தலில் விளக்கைப் போட்டால் இரைய ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு அவற்றுக்கு ஒரே குரல். எங்கள் பிழைப்புக்கு ஒரு குரல் போதாது. பெரியவர்களுக்கு வால்ஸ், ஆட்டத்துக்கு கும்பியா, அழுகைக்கு வாய்னோ என்னும் மலைப்பாட்டு, இளவட்டங்களுக்கு ராக். இன்னொரு கிட்டார் வைத்துக்கொள்ளலாம் என்றால் வேனில் இடமில்லை. அந்த இடத்தில் அக்காவின் பாவாடைப் பெட்டி இருக்கிறது.

ரேடியோ ரிப்பேர்க்காரர் அப்தோனிடம் போனேன்.

"பிக்கப்ல ஒத்தைக் கம்பிச் சுருள் போட்டா ஊசி மாதிரி கேக்கும், ஆனா இரையும். ரெட்டைச் சுருள் இரையாது, ஆனா உருளைக்கிழங்கு மூட்டையைப் போட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். உனக்கு எது வேணும்?"

"ரெண்டும்."

"பேராசை. சரி, ரெட்டைச் சுருள்லயே வாங்கு. ஒரு குமிழ் வச்சுத் தரேன், இழுத்தா பாதிச் சுருள் தூங்கிடும், ஊசி வந்துடும். கழுத்துப் பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு. ஆனா ரெண்டும் ஒரே கம்பெனி ஜோடியா இருக்கணும். ஒரே வயித்துல பொறந்தாதான் ஒத்துப்போகும்."

சீட்டில் எழுதியும் கொடுத்தார். இனி வாங்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் எங்கள் ஊரில் எவனும் எதையும் தானே வாங்குவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், மோதிரத்துக்கு ஒருவர், கால்பந்து அணியின் காலுறைக்குக்கூட ஒருவர். அவர் வாங்கித் தருவார், நாம் ஊரறிய நன்றி சொல்வோம். தானே வாங்கினால் நாதியற்றவன் என்று பேசுவார்கள். அதனால் லாரிக்கார சோசிமோவிடம் கேட்டேன்.

"ஒண்ணுக்கு நான் நிக்கிறேன் மாப்ள. ரெண்டுக்கும் ஒருத்தனே நின்னா உனக்கு வேற ஆளே இல்லேன்னு ஆயிடும்."

இன்னொன்றுக்கு உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஃபோர்துனாத்தோவிடம் போனேன். அவரும் சோசிமோவும் வாய்க்கால் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஒரு கிட்டாரில் மூன்று விரல் இடைவெளியில் இருவரையும் பொருத்திவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதில் நான் கெட்டிக்காரன்.

இருவரிடமும் சீட்டைக் காட்டினேன். சோசிமோ அதன்படியே கறுப்புப் பிக்கப் ஒன்று வாங்கிவந்தார். அது தெரிந்ததும் ஃபோர்துனாத்தோ வேறு கம்பெனியில், தங்க மூடி போட்டது, விலை கூடியது வாங்கிவந்தார்.

அப்தோன் இரண்டையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே வயித்துல பொறந்ததுன்னு சொன்னேனே."

"ஞானத்தகப்பன்கிட்ட போய் மாத்திக் குடுங்கன்னு எப்படிண்ணே கேக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்று கறுப்பைக் கழுத்துப் பக்கமும் தங்கத்தை அடிப்பக்கமும் பற்றவைத்தார். கழுத்துப் பக்கத்தைத் தனியாக வாசித்துப் பார்த்தோம், அருமை. அடிப்பக்கத்தைத் தனியாக வாசித்துப் பார்த்தோம், அதுவும் அருமை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் பக்கத்து ஊர் சுபாக்காவில் ஒரு கல்யாணம். பாட்டுக்கு முன்னால் கிட்டாருக்கு ஞானஸ்நானம். மண்ணுக்குக் கொஞ்சம் பீர், கிட்டார் தலைக்குக் கொஞ்சம் பீர். பிறகு ஒரே பாட்டில், ஒரே கிளாஸ். குடித்தவர் நுரையை உதறிவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டவேண்டும். சோசிமோ ஃபோர்துனாத்தோவுக்கு நீட்டமாட்டார், அவர் இவருக்கு நீட்டமாட்டார். நடுவில் நான். ஒவ்வொரு சுற்றிலும் போகும்போது ஒரு கிளாஸ், வரும்போது ஒரு கிளாஸ் எனக்கு விழுந்தது.

மேடைக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு வாய்னோ. எந்தப் பிக்கப் பாடவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளினேன். சோசிமோ தொப்பியைத் தூக்கி ஊருக்கே வணக்கம் வைத்தார். ஃபோர்துனாத்தோ கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்னப்பா, நான் குடுத்தது வெறும் அலங்காரத்துக்கா?"

அடிப்பக்கம் தள்ளினேன். ஃபோர்துனாத்தோ முகம் மலர்ந்தது. சோசிமோ எழுந்து லாரியைப் பார்த்து நடந்தார். எங்கள் ஒலிபெருக்கிகள் அந்த லாரியில்தான் திரும்பிப் போகவேண்டும்.

சுவிட்சை நடுவில் நிறுத்தினேன். நடுவில் நின்றால் இரண்டும் சேர்ந்து பாடும்.

பாடவில்லை. சத்தத்தின் சதையெல்லாம் கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியது எலும்பு. மெல்லிய, மூக்கால் வருகிற ஒரு குரல். அடுத்த அறையில் யாரோ சுவரைப் பார்த்துத் திரும்பி அழுவதுபோல் இருந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். சந்தைச் சுவரில் கீபோர்டுக்காரன் பெயரும், அதற்கு எதிரே ஆரஞ்சு பிழியும் என் மனைவியும் கண்ணில் வந்தார்கள். பயத்தில் தந்தியை இன்னும் அழுத்தி வளைத்தேன். அந்தப் பயமும் பாட்டில் ஏறிக்கொண்டது.

நெமேசியா அக்கா பாதி வரியில் திரும்பினாள். பன்னிரண்டு வருடத்தில் மேடையில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவசரமாகச் சுவிட்சைத் தேடினேன். தொடாதே என்று தலையாட்டிவிட்டு அதே அடியை மறுபடி எடுத்தாள். மணப்பெண்ணின் அம்மா அழுதாள். பெண் வீட்டாருக்கு இளைத்தவர்களா என்று மாப்பிள்ளை வீட்டாரும் அழுதார்கள். சோசிமோ நாற்காலிக்குத் திரும்பிவந்து மூக்கைச் சிந்தினார். அன்று வால்ஸ், கும்பியா, ராக் எல்லாம் அந்த ஒரே குரலில்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

"இத்தனை வருஷமா இதை எங்கடா வச்சிருந்த?" என்றாள் அக்கா.

"நடுவுலதான்க்கா இருந்துச்சு."

திங்கட்கிழமை அப்தோன் கேட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என் தப்புப்பா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது. இது தள்ளினா அது இழுக்குது, பாதிச் சத்தம் அங்கயே செத்துப்போகுது. ஒரு கம்பியைத் திருப்பிப் போட்டா சரியாயிடும். அஞ்சு நிமிஷம்."

"அந்தக் கம்பியைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்ணே" என்று கிட்டாரைப் பைக்குள் வைத்தேன்.

அந்த அழுகை தன் பிக்கப்பினுடையது என்று சோசிமோ ஊரெல்லாம் சொன்னார். ஃபோர்துனாத்தோவும் சொன்னார். செவ்வாய்க்கிழமை இருவரும் தனித்தனியாக அச்சகத்துக்குப் போய், தனித்தனி ஸ்கேலால் எழுத்தை அளந்தார்களாம்.

புதன்கிழமை சந்தைச் சுவரில் போஸ்டர் ஏறியது. மேலே நெமேசியா அக்கா. அடுத்து 'கிட்டாரின் ஞானத்தகப்பன்கள்' என்று இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே உயரத்தில். அச்சகத்தின் முகவரிக்குச் சற்று மேலே, அதே பொடி எழுத்தில், நான்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க?"

காட்டினேன். என் பெயர்மேல் பசை வழிந்திருந்தது. ஏப்ரன் முனையால் அதை மெதுவாகத் துடைத்துவிட்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இருக்கு" என்றாள்.