கண்ணகை தேய்த்த படகு

கதிரவெளி நல்லரத்தினத்துக்கு, சுனாமி ஊரை அடித்த எட்டாவது மாதம் ஒரு புதுப் படகு கிடைத்தது. வெள்ளைப் பைபர் படகு, விளிம்பில் நீலக் கோடு, கூடவே எஞ்சினும் வலையும். நிவாரண நிறுவனம் ஒன்று கொடுத்தது. வாங்கிய அன்று படகுக்குப் பூமாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு நான்கு மாதமாகப் படகு கரையிலேயே கிடந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. எஞ்சின் சத்தம் சரியில்லை, இன்று மரண யோகம், பைபர் இன்னும் நன்றாக இறுகவில்லை. உண்மைக் காரணம் அவன் மனைவி கண்ணகைக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தென்னையில் மாட்டிவிட்டது. மூன்று மணி நேரம் அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தவன், இப்போது கணுக்காலுக்கு மேல் கடலில் நனைவதில்லை.

ஒரு நாள் காகங்கள் படகு முழுக்க எச்சம் போட்டிருந்தன. கண்ணகை தேங்காய்ப் பொச்சு நாரும் ஒரு சிரட்டை மணலும் எடுத்துப்போய், அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல முனையிலிருந்து பின்பக்கம் வரை தேய்த்துக் கழுவினாள். வெயில் ஏறியதும் நல்லரத்தினம் வந்து பார்த்தான். வெள்ளையெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். சிலந்தி வலை பின்னியதுபோல் இருந்தது.

“என்ன கா செஞ்சு வச்சிருக்காய்! சட்டி பானையா இது?” என்று தலையில் கை வைத்தான்.

“சட்டிய நான் ஒவ்வொரு நாளும் அடுப்பில வைக்கிறன். நீங்க இத எப்ப தண்ணியில வைக்கப் போறீங்க?”

அவனுக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கீறல் போகும்வரை படகு இறங்காது என்று அறிவித்துவிட்டு ஏறாவூருக்குப் பஸ் ஏறினான்.

ஏறாவூரில் வான் வண்டிகளுக்குப் பெயின்ற் அடிக்கும் அப்துல் மஜீதைத் தெரியாதவர் இல்லை. ஐம்பது வயது, மெல்லிய உடம்பு, எதைக் கண்டாலும் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம். படகு எதையும் அவர் தொட்டதில்லை.

“வான் எண்டா என்ன, போட் எண்டா என்ன தம்பி, மேல்தோல் ஒண்டுதான். வாங்க போவம்” என்று உடனே பெட்டியைத் தூக்கினார்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டின்னில் இருந்த பசை என்னவென்று இராணுவச் சிப்பாய் கேட்டான். மஜீத் வாயால் விளக்காமல், பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியில் ஒரு விரலளவு பசை பூசித் துணியால் தேய்த்துக் காட்டினார். சிப்பாய்க்குத் திருப்தி, “போங்க” என்றான். மஜீதுக்குத்தான் திருப்தியில்லை. “ஒரு பக்கம் மட்டும் மினுங்கினா வடிவில்லையே” என்று முழுத் தாங்கியையும் முடித்துவிட்டுத்தான் ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் அரை மணி நேரம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

கதிரவெளிக்கு வந்ததும் படகை ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்த்தார். “இதத் தேய்ச்ச கை ஆர்ர? நல்ல பலமான கை” என்றார். கண்ணகை முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெயிலில் செய்தால் பசை காய்ந்துவிடும் என்று பத்துப் பேரைப் பிடித்துப் படகைப் பூவரச மர நிழலுக்குத் தூக்கவைத்தார். நல்ல தண்ணீரில் சவர்க்காரம் போட்டு உப்பும் மணலும் போகக் கழுவினார். பிறகு வோட்டர் பேப்பர் என்ற தேய்க்கும் தாள். முதலில் கொஞ்சம் சொரசொரப்பானது, அடுத்து கையில் உறுத்தாத அளவு நைசானது, ஒவ்வொன்றையும் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து.

“அழுத்தாதீங்க தம்பி, குழந்தைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி. அழுத்தினா இன்னொரு கீறல் வரும்.”

தேய்த்த இடமெல்லாம் முதலில் மங்கிப்போனது. நல்லரத்தினம் பதறினான். அதன்மேல் பசை பூசி வட்டம் வட்டமாகத் தேய்த்தபோது வெள்ளை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கடைசியில் மெழுகு. இரண்டாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு இளையதம்பி படகில் முகம் பார்த்துத் தலை சீவினார். மஜீதால் அதோடு நிறுத்த முடியவில்லை. உள்தளம், குந்தும் பலகை என்று மிச்ச மெழுகு முழுவதையும் பூசித் தேய்த்துவிட்டார்.

மறுநாள் காலை நிறுவனத்திலிருந்து றஞ்சிதா என்ற இளம் பெண் வந்தாள். கொடுத்த படகுகள் கடலுக்குப் போகின்றனவா, பாவனையில் உள்ளனவா என்று பார்க்கும் வேலை. பாவிக்காத படகு பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். பூவரச நிழலில் கண்ணாடிபோல் கிடந்ததைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“ஐயா, இது தண்ணியில இறங்கவே இல்லப் போல இரிக்கே?”

“நேத்தும் போனன் மகள்” என்றான் நல்லரத்தினம்.

“ஒரு செதிலும் இல்லையே?”

மஜீத் உதவிக்கு வந்தார். “நாலு மாசம் ஓடி நாறிப்போன போட்ட நான்தான் இப்பிடி ஆக்கினன், மகள். தடவிப் பாருங்க!”

றஞ்சிதா தடவிப் பார்க்கவில்லை. “அப்ப ஒருக்கா போயிற்று வாங்க. நான் நிக்கிறன்.”

நல்லரத்தினம் எஞ்சினில் எண்ணெய் இல்லை என்றான். இளையதம்பி ஒரு கேன் எண்ணெயோடு வந்தார். கரையில் நின்றவர்கள் எஞ்சினைப் பூட்டி, வலையையும் ஏற்றி, படகைத் தண்ணீர் ஓரம்வரை தள்ளிக்கொண்டுபோய்விட்டார்கள். அலை வந்து பாதத்தைத் தொட்டதும் அவன் கால் நகர மறுத்தது.

கண்ணகை சேலையைச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். வாழ்நாளில் கடலில் கால் வைக்காதவள்.

“இறங்கு கா! உனக்கென்ன விசரா?”

“நானும் வாறன். ஏறுங்க.”

அவன் ஏறினான். பின்னால் தள்ளிய மஜீதை ஓர் அலை தூக்க, பயத்தில் அவரும் உள்ளே பாய்ந்தார். அடுத்த அலையில் படகின் முனை மேலெழுந்தது. மெழுகு பூசிய பலகையில் இருந்த கண்ணகை வழுக்கிக்கொண்டு வந்து மஜீதில் மோத, இருவருமாக உருண்டு நல்லரத்தினத்தின் காலடியில் குவிந்தார்கள்.

“அல்லாஹ்வே! ஆர் இதுக்குள்ள மெழுகு பூசினது?” என்று கத்தினார் மஜீத்.

“நீங்கதான் மஜீத் காக்கா!” என்றான் நல்லரத்தினம்.

பயப்பட அவனுக்கு நேரமிருக்கவில்லை. ஒரு கை எஞ்சினில், மறு கை மனைவியின் சேலையில், ஒரு கால் மஜீத் உடுத்திருந்த சாரத்தின்மேல். “விளிம்பப் புடிங்க! குனிஞ்சு இரிங்க!” என்று அதட்டிக்கொண்டே கரையோரம் எழுந்த மூன்று அலைகளையும் வெட்டிக் கடந்தான். அப்பால் கடல் அமைதியாக இருந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கை எஞ்சினை விடவில்லை. தூரத்தில் தண்ணீர் கறுத்துக் கொதிப்பது கண்ணில் பட்டது.

“சூடை மீன் கூட்டம்” என்றான். மற்ற எல்லாம் மறந்து வலையை எடுத்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்கள். படகு நிறையச் செதில். மஜீத் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தார். இறங்கியதும் மணலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நல்லரத்தினம் றஞ்சிதாவின் முன் வந்து நின்றான். “மகள், நான் பொய் சொன்னன். இண்டைக்குத்தான் முதல் நாள்.”

“தெரியும் ஐயா. உங்கட கால் தண்ணியக் கண்டு நிண்டுபோனதக் கண்டன்.” அவள் படிவத்தைப் புரட்டினாள். “பாவிக்கிறாரா எண்டுதான் இதில கேட்டிரிக்கு. எப்பயிருந்து எண்டு கேக்கல்ல.” ‘ஆம்’ என்ற இடத்தில் அடையாளம் போட்டாள்.

கண்ணகை அவளுக்கு ஒரு பை மீன் கொடுத்தாள். மஜீதுக்கு இரண்டு பை. அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, மீன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமலே பஸ் ஏறினார்.

மறுநாள் விடிந்ததும் நல்லரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். கண்ணகை அவனுக்கு முன்பே வந்து, சேலையைச் செருகி, படகின் முனையில் குந்தியிருந்தாள்.

“நீ எங்க போறாய்?”

“நேத்து அந்தப் பக்கம் பார்த்து முடியல்ல” என்று கிழக்கே கையைக் காட்டினாள். “தள்ளுங்க.”